யூனிட் போய்ச் சேரும், டிகிரியில் சேருமா?

கலிஃபோர்னியாவில் ப்ரீஸ்கூல் ஆசிரியராக வேண்டும் என்று விசாரிப்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை எப்போதும் ஒன்றுதான். "முதல்ல கம்யூனிட்டி காலேஜ்ல சேருங்க, செலவு கம்மி. ரெண்டு வருஷம் கழிச்சு யுனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம், யூனிட் எல்லாம் ட்ரான்ஸ்ஃபர் ஆகும்." செலவைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. ட்ரான்ஸ்ஃபர் பற்றிச் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் சேர்ந்தவர்கள் யுனிவர்சிட்டியில் கால் வைத்த பிறகுதான் விழிக்கிறார்கள்: படித்த வகுப்புகள் மதிப்பெண் பட்டியலில் இருக்கின்றன, டிகிரிக் கணக்கில் இல்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் அங்கே இருபது ஆண்டுகளாக ஒரு வேலை நடக்கிறது. கல்லூரியில் நடத்தும் பாடத்தையும் யுனிவர்சிட்டி எதிர்பார்க்கும் பாடத்தையும் முன்கூட்டியே ஒன்றோடொன்று பொருத்தி வைப்பது. துறைக்காரர்கள் இதை அலைன்மென்ட் என்பார்கள். நாம் பாடப் பொருத்தம் என்று வைத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் முன்பருவக் கல்வித் துறையில், அதாவது பிறந்தது முதல் ஏறக்குறைய எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான கல்வியில், இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

## யார் எதை நடத்துகிறார்கள்

கலிஃபோர்னியா 1960-ல் தன் உயர்கல்விக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. அரசுக் கல்வி மூன்று அடுக்கானது. அடியில் கம்யூனிட்டி காலேஜ்கள், இன்று 116. நடுவில் கேல் ஸ்டேட் எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகம், இருபதுக்கும் மேற்பட்ட வளாகங்கள். மேலே ஆராய்ச்சிக்குப் பேர்போன யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். சின்னக் குழந்தைகளுக்கு ஆசிரியராக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் போவது கேல் ஸ்டேட்டுக்குத்தான். யூசியை இந்தக் கட்டுரையில் விட்டுவிடலாம்.

படிப்பை அளக்கும் அலகு யூனிட். சாதாரண செமஸ்டர் வகுப்பு ஒன்று 3 யூனிட். வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பும் அதற்கு மேல் வீட்டுப் படிப்பும். இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 யூனிட் வேண்டும். முதல் 60-ஐக் காலேஜிலும் மீதி 60-ஐ யுனிவர்சிட்டியிலும் முடிப்பதுதான் திட்டம். காலேஜில் கலிஃபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான், ஒரு வகுப்பு 138 டாலர். அதனால்தான் எல்லோரும் அங்கே போகச் சொல்கிறார்கள்.

## வந்து சேர்வது வேறு, பயன்படுவது வேறு

வீடு மாற்றும்போது என்ன நடக்கும்? லாரிக்காரர் எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு வந்து புது வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். ஒரு ஸ்பூன்கூடக் குறையாது. ஆனால் பழைய வீட்டுச் சுவருக்கு அளவெடுத்துச் செய்த மர பீரோ புது வீட்டுப் படுக்கையறை வாசலில் நுழையாது. வராந்தாவில் கிடக்கும். பீரோ வந்து சேர்ந்துவிட்டதா என்றால் சேர்ந்துவிட்டது. துணி வைக்க முடிகிறதா என்றால் இல்லை, புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும்.

யூனிட் விஷயமும் இதுதான். காலேஜ் பாடப்பட்டியலில் ஒரு வகுப்புக்குப் பக்கத்தில் "கேல் ஸ்டேட்டுக்கு மாற்றத்தக்கது" என்று போட்டிருந்தால், அந்த யூனிட்டை யுனிவர்சிட்டி வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் பொருள். உங்கள் பட்டத்தில் கட்டாயமாக உள்ள ஒரு வகுப்புக்குப் பதிலாக அதை ஏற்குமா என்பது தனிக் கேள்வி. ஏற்காவிட்டால் அது எலெக்டிவ் ஆகிவிடும். மொத்தக் கூட்டலில் வரும், எந்தக் கட்டாய வகுப்பையும் தீர்க்காது. பிறகு ஏறக்குறைய அதே பாடத்தை வேறு பெயரில், யுனிவர்சிட்டிக் கட்டணத்தில், இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

நாடு முழுவதும் இந்த நஷ்டம் எவ்வளவு என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017-ல் ஒரு கணக்குச் சொன்னது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டை, அதாவது படித்த யூனிட்டுகளை, இழந்திருக்கிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. எல்லாத் துறைகளும், தனியார் கல்லூரிகளும் சேர்ந்த எண் அது.

முன்பருவக் கல்வியில் இது கூடுதலாக வலிக்கும். இந்தத் துறை மாணவர்களில் பலர் பகலில் ஏதாவது ஒரு குழந்தைகள் மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கிறவர்கள். செமஸ்டருக்கு ஒரு வகுப்பு எடுக்கிற அம்மா ஒருவருக்கு எட்டு வகுப்பு முடிக்க நான்கு வருடம் ஆகும். அதில் இரண்டு எலெக்டிவ் ஆகிப் போனால் ஒரு முழு வருடம் போச்சு. பணத்தைச் சொல்லிப் புலம்புகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் போவது காலம்.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொன்னால்: மாற்றத்தக்கது என்பது முதல் படி, பட்டத்தில் கணக்காவது இரண்டாவது படி. பாடப் பொருத்தம் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றி.

## ஏன் பொருந்தாமல் போகிறது

ஏதோ அதிகாரிகளின் பிடிவாதம் என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் பெரிய காரணம் இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது. குழந்தை வளர்ச்சி என்ற படிப்பு ஓரிடத்தில் மனையியல் துறைக்குள் வளர்ந்தது, இன்னோரிடத்தில் உளவியலுக்குள், வேறோரிடத்தில் கல்வியியலுக்குள். நம்மூரில் மனையியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதனால் கேல் ஸ்டேட் வளாகங்களுக்குள்ளேயே பட்டத்தின் பெயர் ஒன்றாக இல்லை. சான் ஹோசேயிலும் நார்த்ரிட்ஜிலும் அது "குழந்தை மற்றும் வளரிளம் பருவ வளர்ச்சி". ஈஸ்ட் பேயில் "மனித வளர்ச்சி". பெயர் வேறானால் கட்டாய வகுப்புகளும் வேறாகும்தானே.

இரண்டாவது காரணம் அடுக்கு. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டு வகுப்புகளை லோயர் டிவிஷன் என்றும் கடைசி இரண்டு ஆண்டு வகுப்புகளை அப்பர் டிவிஷன் என்றும் பிரிப்பார்கள். கம்யூனிட்டி காலேஜ் பொதுவாக லோயர் டிவிஷன் மட்டுமே நடத்தலாம். குழந்தையைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்வது எப்படி என்ற வகுப்பைக் காலேஜ் இரண்டாம் ஆண்டில் நடத்துகிறது என்று வையுங்கள். யுனிவர்சிட்டி அதையே மூன்றாம் ஆண்டு வகுப்பாக வைத்திருந்தால் கதை முடிந்தது. பாடம் ஒன்று, அடுக்கு வேறு. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு இடத்தில்தான்.

அப்புறம் நாட்காட்டி. பெரும்பாலான காலேஜ்கள் வருடத்தை இரண்டு செமஸ்டராகப் பிரிக்கின்றன. டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற சில மூன்று குவார்ட்டராகப் பிரிக்கின்றன. 3 குவார்ட்டர் யூனிட் என்பது 2 செமஸ்டர் யூனிட். ஆகவே குவார்ட்டர் காலேஜில் எடுத்த 4 யூனிட் வகுப்பு மாற்றிக் கணக்கிட்டால் 2.67 தான் வரும். 3 யூனிட் கேட்கிற இடத்தில் 0.33 யூனிட் இடிக்கும்.

பிராக்டிகம் எனப்படும் செய்முறைப் பயிற்சிதான் இருப்பதிலேயே கடினம். சில காலேஜ்களில் வளாகத்துக்குள்ளேயே குழந்தைகள் மையம் இருக்கும். பேராசிரியர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். வேறு சில காலேஜ்கள் ஊரில் உள்ள அனுபவசாலி ஆசிரியர்களின் வகுப்பறைக்கு மாணவர்களை அனுப்பும். இரண்டும் நல்ல பயிற்சிதான். காகிதத்தில் இரண்டையும் ஒன்றென்று காட்டுவது லேசில்லை.

## எட்டு வகுப்பு ஒப்பந்தம்

2007-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஹெட் ஸ்டார்ட் சட்டத்தைப் புதுப்பித்தது. ஹெட் ஸ்டார்ட் என்பது ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு மத்திய அரசின் பணத்தில் நடக்கும் முன்பருவத் திட்டம். அதன் மையங்களில் உள்ள ஆசிரியர்களில் பாதிப் பேராவது 2013-க்குள் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றது புதிய சட்டம். பட்டம் கேட்பது எளிது. வேலையில் இருக்கிறவர்கள் பட்டம் வரை போகும் பாதை ஒழுங்காக இருக்க வேண்டுமே!

கலிஃபோர்னியாவில் அந்தப் பாதையைச் செப்பனிடும் வேலை அதற்குச் சற்று முன்பே தொடங்கியிருந்தது. சைல்ட் டெவலப்மென்ட் ட்ரெய்னிங் கன்சார்ட்டியம் என்ற அமைப்பின் கீழ், பல காலேஜ்களின் ஆசிரியர்கள் கூடிப் பாடப் பொருத்தத் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கேப் என்பார்கள். யுனிவர்சிட்டி ஆசிரியர்களோடும் பேசி அவர்கள் முடிவு செய்தவை எட்டு வகுப்புகள்: குழந்தையின் வளர்ச்சி, குழந்தையும் குடும்பமும் சமூகமும், முன்பருவக் கற்பித்தலின் கொள்கையும் நடைமுறையும், பாடத்திட்ட அறிமுகம், கவனித்தலும் மதிப்பிடுதலும், உடல்நலமும் பாதுகாப்பும் ஊட்டச்சத்தும், பன்முகச் சமூகத்தில் கற்பித்தல், பிராக்டிகம். ஒவ்வொன்றும் 3 யூனிட், மொத்தம் 24. எட்டும் லோயர் டிவிஷன் என்று தெளிவாகப் பேசிக்கொண்டார்கள். மேலே சொன்ன அடுக்குச் சண்டைக்கு அதுவே பாதி மருந்து.

பொருத்தம் என்றதும் எல்லாக் காலேஜும் ஒரே புத்தகம், ஒரே வினாத்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். புத்தகம் ஆசிரியரின் விருப்பம். வகுப்பு ஃப்ரெஸ்னோவில் பண்ணைத் தொழிலாளர் குழந்தைகளைப் பற்றி அதிகம் பேசலாம், சான் பிரான்சிஸ்கோவில் சீனம் பேசும் குடும்பங்களைப் பற்றிப் பேசலாம். பொதுவாக இருக்க வேண்டியவை சில: வகுப்பு முடிந்ததும் மாணவர் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், எந்தெந்தத் தலைப்புகளைத் தொட்டாக வேண்டும், எத்தனை யூனிட், முன்தேவை ஏதும் உண்டா. இவை காலேஜின் அதிகாரபூர்வப் பாட வரைவில் எழுதியிருக்க வேண்டும். பீரோவின் வெளி அளவு மட்டும் நிர்ணயம். உள்ளே எத்தனை தட்டு, என்ன மரம் என்பது தச்சர் பாடு.

## கைச்சாத்திலிருந்து எண்ணுக்கு

இரண்டு கல்வி நிறுவனங்கள் "உன்னுடைய இந்த வகுப்பு என்னுடைய அந்த வகுப்புக்குச் சமம்" என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதை ஆர்ட்டிகுலேஷன் என்பார்கள். இதற்கென்றே ஒவ்வொரு காலேஜிலும் ஓர் அலுவலர் இருக்கிறார்.

பழைய முறையில் இது ஜோடி ஜோடியாக நடக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 116 காலேஜ், 22 வளாகம் என்று வைத்தால் 2,552 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் எட்டு வகுப்பு என்றால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தம். எல்லா வளாகத்திலும் இந்தத் துறை இருக்காது என்பதால் பாதியைக் கழித்தாலும் பத்தாயிரம். யாராவது ஒரு பேராசிரியர் பாடத்தை மாற்றினால் அந்த வரிசையில் உள்ள ஒப்பந்தங்களை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். நடக்கிற காரியமா?

அதனால் நடுவில் ஒரு பொது அளவுகோலை வைத்தார்கள். அதுதான் சி-ஐடி. காலேஜ், யுனிவர்சிட்டி இரண்டின் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு வகுப்புக்கான மாதிரி விவரணையை எழுதி அதற்கு ஒரு பொது எண் கொடுப்பார்கள். குழந்தையின் வளர்ச்சி வகுப்புக்கு சிடிஇவி 100. பன்முகச் சமூக வகுப்புக்கு இசிஇ 230. காலேஜ் தன் பாட வரைவை அனுப்பும், மதிப்பாய்வாளர்கள் மாதிரியோடு ஒப்பிடுவார்கள், பொருந்தினால் அந்த எண் அந்த வகுப்புக்குக் கிடைக்கும். உள்ளூர்ப் பட்டியலில் அதற்கு வேறு எண் இருக்கலாம், பரவாயில்லை. இனி ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் பேச வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே அளவுகோலோடு பேசினால் போதும்.

2021-ல் வந்த ஏபி 1111 என்ற சட்டம் இன்னும் ஒரு படி போகிறது: எல்லாக் கம்யூனிட்டி காலேஜும் ஒரே வகுப்புக்கு ஒரே எண்ணையே வைத்தாக வேண்டும். ஆங்கிலக் கட்டுரை எழுதும் வகுப்பு போன்ற சில 2025 இலையுதிர் பருவத்திலிருந்து அப்படி மாறிவிட்டன. மற்றவை தவணை தவணையாக வரும்.

ஆக, எட்டு வகுப்பு என்ன என்பதை கேப் முடிவு செய்தது. உங்கள் காலேஜின் வகுப்பு அவற்றில் ஒன்றுதானா என்பதை சி-ஐடி சரிபார்க்கிறது.

## ஒரே பெயரில் இரண்டு பட்டம்

பெரிய குழப்பம் நடக்கும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வகுப்புகளைப் பொருத்தினால் மட்டும் போதாது, அவற்றைச் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்து, அந்த மூட்டையை யுனிவர்சிட்டி பிரிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். 2010-ல் வந்த எஸ்பி 1440 என்ற சட்டம் அதைச் செய்தது. இரண்டாண்டுப் படிப்புக்கு அசோசியேட் பட்டம் என்று பெயர். அதில் மாற்றத்துக்கென்றே ஒரு வகையைச் சட்டம் உண்டாக்கியது. முன்பருவக் கல்வியில் அது ஏஎஸ்-டி (கடைசி "டி" ட்ரான்ஸ்ஃபரைக் குறிக்கும்). 60 செமஸ்டர் யூனிட், அதற்குள் எட்டு வகுப்புகளும், எல்லாத் துறை மாணவர்களும் படிக்க வேண்டிய பொதுக்கல்வி வகுப்புகளும் அடக்கம். இதோடு வருகிறவரைக் கேல் ஸ்டேட் மூன்றாம் ஆண்டு மாணவராகச் சேர்க்க வேண்டும். அவருடைய பட்டத்தோடு ஒத்தது என்று அந்த வளாகம் அறிவித்திருக்கும் படிப்பில் சேர்ந்தால், மேற்கொண்டு 60 யூனிட்டுக்குள் 120 யூனிட் பட்டத்தை முடிக்க வழி செய்ய வேண்டும்.

இப்போது கவனியுங்கள். அதே காலேஜில் அதே துறையில் வெறும் ஏஎஸ் என்ற இன்னொரு பட்டமும் இருக்கும். கடைசியில் அந்த "டி" மட்டும் இருக்காது. கைக்குழந்தைப் பராமரிப்பு, இசையும் அசைவும், மைய நிர்வாகம் என்று வேலைக்கு உடனே உதவும் வகுப்புகள் அதில் நிறைய. வேலைக்குப் போக அருமையான பட்டம். யுனிவர்சிட்டிக்குப் போனால் அந்தக் கூடுதல் வகுப்புகளில் பல எலெக்டிவ் பக்கம் ஒதுங்கிவிடும். இன்னொரு வரம்பும் உண்டு: கம்யூனிட்டி காலேஜிலிருந்து கேல் ஸ்டேட் எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட். ஆசைக்கு நூறு யூனிட் சேர்த்து வைத்தாலும் 70-க்கு மேல் கூட்டலில் ஏறாது.

சட்டம் தரும் உறுதியையும் பலர் கூட்டிச் சொல்கிறார்கள். உறுதி கேல் ஸ்டேட் என்ற அமைப்புக்குள் இடம் கிடைக்கும் என்பதற்கு. நீங்கள் விரும்பும் வளாகத்தில், விரும்பும் துறையில் இடம் என்று அது சொல்லவில்லை. பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டுப் படிக்கப் போகிற ஒருவருக்கு வேறு ஊரில் இடம் கிடைப்பது இடமே கிடைக்காத மாதிரிதான். இந்தச் சட்டத்தின் பெரிய குறை அது என்று எனக்குத் தோன்றுகிறது.

## பெர்மிட் என்பது வேறு சங்கதி

பட்டம் பற்றிப் பேசும்போது பலர் நடுவில் பெர்மிட்டைக் கலந்துவிடுவார்கள். பெர்மிட் என்பது குழந்தைகள் மையத்தில் வேலை பார்க்க மாநில ஆசிரியர் சான்றளிப்பு ஆணையம் தரும் அனுமதி. உதவியாளரிலிருந்து திட்ட இயக்குநர் வரை ஆறு நிலைகள். டீச்சர் நிலைக்குத் துறை வகுப்பு 24 யூனிட்டும், பொதுக்கல்வி 16 யூனிட்டும், வேலை அனுபவமும் கேட்பது வழக்கமான பாதை. எட்டு வகுப்பு, 24 யூனிட் என்று பார்த்தோமே; அதே எண் இங்கேயும் வருகிறது. ஒரே எட்டு வகுப்பு இன்றைய வேலைக்கும் நாளைய பட்டத்துக்கும் உதவுகிறது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

24 என்ற எண் இன்னோரிடத்திலும் உண்டு. நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிகளில் நடக்கும் டிகே (ட்ரான்சிஷனல் கிண்டர்கார்ட்டன்) வகுப்பு 2025–26 கல்வியாண்டிலிருந்து எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதை நடத்தும் ஆசிரியர், சான்றிதழுக்கு மேல், முன்பருவக் கல்வியில் 24 யூனிட்டோ அதற்கு ஈடான தகுதியோ காட்ட வேண்டும். ஏற்கெனவே பள்ளி ஆசிரியராக இருக்கிற பலர் மாலை நேர வகுப்புகளுக்கு வந்தது இதற்காகத்தான்.

சென்னையிலோ மதுரையிலோ இளங்கலை முடித்துவிட்டு அங்கே குடியேறியவர்கள் இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். உங்களுக்கு ஏஎஸ்-டி தேவைப்படாமலே போகலாம். ஆணையம் ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனத்திடம் இந்திய மதிப்பெண் பட்டியலை மதிப்பிட்டு வாங்கிவிட்டு, அதன் பிறகு எத்தனை துறை வகுப்பு பாக்கி என்று பாருங்கள். எட்டு வகுப்பை மட்டும் முடித்தால் போதும் என்று தெரிந்தால் பொதுக்கல்வி வகுப்புகள் மிச்சம்.

## சேரும் முன் எதைப் பார்ப்பது

அசிஸ்ட் என்ற இணையதளம் கலிஃபோர்னிய அரசுக் கல்லூரிகளின் ஒப்பந்தங்களை இலவசமாகக் காட்டுகிறது. அதில் உங்கள் காலேஜையும் போக விரும்பும் வளாகத்தையும் கொடுத்தால் இரண்டு விதப் பட்டியல் கிடைக்கும். மாற்றத்தக்க வகுப்புகளின் நீண்ட பட்டியல் ஒன்று. பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வருவது மற்றது. இடது பக்கம் யுனிவர்சிட்டி கேட்கும் வகுப்பு, வலது பக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் வகுப்பு. வலது பக்கம் காலியாக இருந்தால் அந்த இடத்துக்கு ஒப்பந்தம் இல்லை.

கவுன்சிலரிடம் "இது ட்ரான்ஸ்ஃபர் ஆகுமா" என்று கேட்டால் ஆகும் என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. "எந்த வளாகத்தில், எந்தப் பட்டத்தில், எந்தக் கட்டாய வகுப்புக்குப் பதிலாக" என்று கேளுங்கள். ஒப்பந்தங்கள் ஆண்டு வாரியாக மாறும் என்பதால், நீங்கள் வகுப்பு எடுத்த ஆண்டின் பக்கத்தை அப்போதே பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள்.

ஒவ்வொரு வகுப்பின் சிலபஸையும் சேர்த்தே வையுங்கள். ஒப்பந்தம் இல்லாத வகுப்பையும் யுனிவர்சிட்டித் துறையிடம் மனுப் போட்டு ஏற்கச் சொல்லிக் கேட்க வழி உண்டு. அந்த மனுவைப் படிக்கிற பேராசிரியர் முதலில் கேட்பது சிலபஸைத்தான். ஐந்து வருடம் கழித்துக் காலேஜின் இணையதளத்தில் தேடினால் அது அங்கே இருக்காது.